சொந்தக் கதைதான் என்று கையெழுத்துப் போட்டவர்

எங்கள் பத்திரிகையில் பிழை திருத்துகிறவருக்குக் கால்புள்ளி என்று பட்டப்பெயர். எதைச் சொல்ல வந்தாலும் பாதியில் ஒரு நிறுத்தம் நிறுத்துவார். "மழை வரும் போல இருக்கு..." என்பார். நாம் குடையைத் தேடி எடுத்துக்கொண்டு படி இறங்கும்போது பின்னாலிருந்து, "ஆனா வராது" என்பார். பதினொரு வருடமாக அவருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து படம் வரைகிறேன். அந்த நிறுத்தங்களில் மட்டும் என் ஆயுளில் எத்தனை நாள் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். அவர் மனைவி எனக்கு அண்ணி, என் மகளுக்கு அவர் மாமா. ரத்த உறவு எதுவும் கிடையாது. எல்லாம் எதிரெதிர் மேசை போட்டதில் வந்த உறவு.

எங்களுடையது குழந்தைகளுக்கான மாதப் பத்திரிகை. மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், இரண்டு அறை. ஒரு ஜன்னல் திறக்காது, இன்னொரு ஜன்னல் மூடாது. அச்சகம் கீழே பின்கட்டில். மெஷின் ஓடினால் என் தூரிகை டம்ளரில் தண்ணீர் தானாக ஆடும்.

அண்ணன் இருபத்து நாலு வயதில் இங்கே தற்காலிகமாக வந்தவர். இப்போது ஐம்பத்து மூன்று. நல்ல வேலை கிடைக்கும் வரைக்கும் என்று சொல்லிக்கொண்டு வந்தாராம். அந்த நல்ல வேலை இன்னும் வழியில்தான் இருக்கிறது. ஆனால் பார்க்கிற வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். எழுத்து மட்டும் இல்லை, என் படங்களையும் விடமாட்டார். ஒருமுறை நான் வரைந்த சிலந்தியை அரை மணி நேரம் உற்றுப் பார்த்தார். "ஏழு காலோட போகுதேம்மா..." என்றார். அப்புறம், "பாவம்" என்றார். அந்தப் 'பாவம்' சிலந்திக்கா எனக்கா என்று இன்று வரை தெரியாது.

அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதற்குச் சம்பளப் பட்டியலில் பெயர் இல்லை. இதழ் அச்சுக்குப் போகிற அன்று, கடைசி நிமிடத்தில் ஏதாவது விளம்பரம் வராமல் போய்விடும். பக்கம் வெள்ளையாகக் கிடக்கும். கீழே மெஷின்காரர் கத்திக்கொண்டிருப்பார். அப்போது அண்ணன் ஒரு தாளை இழுத்து, அந்த இடத்துக்குச் சரியாக ஒரு குட்டிக் கதை எழுதுவார். அரைப் பக்கம் என்றால் அரைப் பக்கம், ஒரு பக்கம் என்றால் ஒரு பக்கம். அரை மணி நேரத்தில் கீழே போய்விடும். அதற்குத் துண்டுக் கதை என்று பெயர். கீழே எழுதியவர் பெயர் வராது. ஊழியர்கள் பெயரைப் போடக்கூடாது என்பது பத்திரிகையைத் தொடங்கிய பெரியவர் வைத்த விதி. அவர் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிவிட்டது, விதி மட்டும் நன்றாக இருக்கிறது. இப்படி முந்நூறு கதையாவது எழுதியிருப்பார். எழுதின மறுநாள் கேட்டால் அவருக்கே ஞாபகம் இருக்காது. வெள்ளைப் பக்கம் மூடிவிட்டதா, அதோடு சரி.

இந்த மனிதர் ஒரு சினிமாவுக்குத் திரைக்கதை எழுதினார். ஆறு வருடம், மதியம் சாப்பிட்டு முடித்த இருபது நிமிடத்தில், பழைய அச்சுப்படிகளின் பின்பக்கத்தில் எழுதினார். பள்ளிச் சீருடை தைக்கிற ஒரு பெண்ணின் கதை. அவள் ஒவ்வொரு சீருடையிலும் யாருக்கும் தெரியாமல் உள்ளே ஒரு குட்டிப் பை வைத்துத் தைப்பாள். யாரும் அவளைக் கேட்கவில்லை, கூலியும் கிடையாது. பிள்ளைகளுக்கு என்று ஒரு இடம் இருக்கட்டும் என்று தைப்பாள். பள்ளி நிர்வாகம் கண்டுபிடித்துக் கூடாது என்று சொல்லும்போது என்ன ஆகிறது என்பதுதான் படம். படத்தின் பெயர் 'உள்பை'. ஓர் இளம் இயக்குநர், எங்கள் பத்திரிகை படித்து வளர்ந்த பையன், அதை எடுத்தான். இரண்டு வாரம் காலைக் காட்சி ஓடியது. போஸ்டரில் அண்ணன் பெயர் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. தியேட்டர்காரர்கள் சரியாக அதன்மேல்தான் காட்சி நேரம் அச்சிட்ட சீட்டை ஒட்டினார்கள். நான் ஒரு சுவரில் அதைச் சுரண்டிப் பார்த்தேன். நகம் உடைந்ததுதான் மிச்சம்.

படம் போனது போனதுதான் என்று இருந்தோம். எட்டு மாதம் கழித்து, நாட்டிலேயே பெரிய சினிமா விருதுக்கான பட்டியல் வந்தது. சொந்தத் திரைக்கதைக்கான பிரிவில் ஐந்து படங்கள். அதில் ஒன்று 'உள்பை'.

அன்று நான் குதித்த குதியில் கீழே கண்ணாடிக் கடைக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார். அண்ணன் மட்டும் பட்டியலை மூன்று முறை படித்துவிட்டு, "நாலாவது படத்தோட பேருல ஒரு எழுத்து விட்டுப் போச்சு" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மேடையில் ஒருவர் உறையைப் பிரிப்பதற்கு முன்னால், அந்த ஐந்து பேரின் பெயரையும் மைக்கில் வாசிப்பார். ஜெயித்தாலும் தோற்றாலும் பெயரை வாசித்தே ஆக வேண்டும். இருபத்தொன்பது வருடமாக எழுதியதன் கீழே பெயரே வராத மனிதர். ஒரே ஒரு முறை யாராவது அவர் பெயரைச் சத்தமாக வாசிக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது என்று பிறகு அண்ணி சொல்லித்தான் தெரியும். மருந்துக் கடையில் வேலை பார்க்கிற அண்ணி, எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "காலைல சவரம் பண்ணும்போது கண்ணாடியைப் பாத்து அவர் பேரை அவரே சொல்லிப் பாக்கறாரும்மா. மைக்குல எப்படிக் கேக்கும்னு பாக்கறார் போல" என்றார். சொல்லி முடித்ததும் இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இதோடு விட்டிருந்தால் எல்லாம் நன்றாக நடந்திருக்கும். எங்கள் ஆசிரியர் அம்மாவுக்கு, அதாவது அந்தப் பெரியவரின் மகளுக்கு, ஒரு யோசனை வந்தது. அண்ணனைக் கூப்பிட்டார்.

"தம்பி, நம்ம ஆளுக்கே இவ்வளவு பெரிய விருது வரப்போகுது. அது என்ன விருது, எதுக்குக் குடுக்கறாங்கன்னு குழந்தைங்களுக்குப் புரியற மாதிரி ஒரு பக்கம் வேணும். பதினாலாம் பக்கம். நீங்களே எழுதுங்க."

"நானே எழுதினா..." என்றார் அண்ணன். நாங்கள் காத்திருந்தோம். "நல்லா இருக்காது."

"பேர்தான் போடப் போறதில்லையே, எழுதுங்க" என்றார் ஆசிரியர் அம்மா. 

எங்கள் பத்திரிகையில் ஒரு வழக்கம் இருக்கிறது. எந்த விளக்கக் கட்டுரையும் நேராக அச்சுக்குப் போகாது. முதலில் ஒரு குழந்தையை உட்காரவைத்து வாசித்துக் காட்ட வேண்டும். அதற்கு ஒரு படிவம் உண்டு, இரண்டே கட்டம். முதல் கட்டத்தில், கேட்டதைக் குழந்தை தன் வாயால் திருப்பி என்ன சொன்னது என்று எழுத வேண்டும். இரண்டாவது கட்டத்தில், குழந்தை என்ன கேள்வி கேட்டது என்று எழுத வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் கட்டுரைக்குள் வந்தாக வேண்டும். கேள்வியே வரவில்லை என்றால் குழந்தை காதில் வாங்கவில்லை என்று அர்த்தம், கட்டுரை திரும்பிவிடும். சில வருடமாக இந்தப் பரீட்சைக்கு உட்காருவது என் மகள்தான். எட்டு வயது. பள்ளி விட்டதும் அலுவலகத்துக்கு வந்துவிடுவாள். நான் கிளம்பும் வரைக்கும் பழைய இதழ்களைச் சேர்த்துத் தைத்த தொகுதிகளை எடுத்துவைத்துக்கொண்டு படிப்பாள். அலமாரியில் முப்பத்தாறு தொகுதி இருக்கிறது. பாதிக்கு மேல் முடித்துவிட்டாள். வாயாடி. கேள்விக் கட்டத்துக்கு இடம் போதவில்லை என்று அண்ணன் அவளுக்காகப் பின்பக்கத்திலும் எழுதுவார்.

முதல் வரைவை அண்ணன் வாசித்தார். "அசல் திரைக்கதை என்பது முன்னர் வெளியான எந்தப் படைப்பையும் அடிப்படையாகக் கொள்ளாமல்..." என் மகள் கொட்டாவி விட்டாள்.

இரண்டாவது வரைவில், சினிமாவில் வருகிறவர்கள் தாங்களாகவே பேசுவதில்லை, அவர்கள் எங்கே நிற்க வேண்டும், என்ன பேச வேண்டும், எப்போது கதவைத் திறக்க வேண்டும் என்று முன்பே ஒருவர் உட்கார்ந்து எழுதியிருப்பார், அதுதான் திரைக்கதை என்று தொடங்கினார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்போ அழறது?" என்றாள். அழுவதையும் எழுதிவிடுவார்கள் என்றதும் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஆனால் இரண்டு பிரிவு எதற்கு என்பது அவளுக்கு ஏறவே இல்லை. அண்ணன் கரடியாகக் கத்தியும் பிரயோஜனம் இல்லை. கடைசியில் நான்தான் என் மேசையிலிருந்து சொல்லிக் கொடுத்தேன். ஒருத்தி மனசுக்குள்ளே நினைத்து ஒரு யானை வரைகிறாள். இன்னொருத்தி ஏற்கனவே வரைந்த யானையை ஜன்னல் கண்ணாடியில் வைத்து, மேலே தாளை வைத்து வரைகிறாள். இரண்டும் இரண்டு விதமான வேலை, இல்லையா?

"ரெண்டாவதுதான் கஷ்டம். தாள் நழுவிக்கிட்டே இருக்கும்" என்றாள் என் மகள்.

"அதனாலதான் அதுக்கும் தனியா ஒரு விருது" என்று அண்ணன் கையைத் தட்டினார். "ஏற்கனவே வந்த கதையை வச்சு எழுதினா ஒரு பிரிவு. யாரும் எங்கயும் படிக்காத புதுக் கதையா இருந்தா இன்னொரு பிரிவு."

சந்தேகத்துக்கு விருதுக் குழுவின் விதிப் புத்தகத்தையும் வரவழைத்துப் பார்த்துக்கொண்டார். எந்த வடிவத்திலும் முன்பு அச்சில் வராத கதை என்று இருந்தது. அதை அப்படியே எளிமையாக்கிக் கடைசிப் பத்தியில் சேர்த்தார். மறுநாள் மாலை மூன்றாவது வரைவைப் படித்துக் காட்டினார். என் மகள் முதல் கட்டத்தைக் கடகடவென்று சொல்லி முடித்தாள். எனக்கே பெருமையாக இருந்தது. அண்ணன் பேனாவை இரண்டாவது கட்டத்துக்கு நகர்த்தினார்.

"அப்போ மாமா, உங்க படம் அந்த ஜன்னல் யானைப் பிரிவுதானே?"

"இல்லடா கண்ணு. அது என் சொந்தக் கதை."

"சொந்தக் கதைதான். ஆனா நம்ம புக்குல வந்திருக்கே. 'ரகசியப் பை'. டீச்சருக்குத் தெரியாம சட்டைக்குள்ள பை வச்சுத் தைப்பாங்களே, அந்தக் கதை."

எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு தொகுதியை இழுத்து வந்து, புரட்டி, விரித்து வைத்தாள். இருபத்தொரு வருடத்துக்கு முந்தைய இதழ். முப்பத்திரண்டாம் பக்கம். ஒரு பக்கக் கதை, கீழே பெயர் இல்லை. சீருடை தைக்கிறவள், உள்ளே வைத்த குட்டிப் பை, தன் சட்டையில் மட்டும் அது இல்லையே என்று தேடிக்கொண்டு போகிற ஒரு சிறுமி.

அண்ணன் நின்றபடியே படித்தார். முகத்தில் ஈயாடவில்லை. படித்து முடித்து மறுபடியும் மேலே இருந்து படித்தார். "இது நான் எழுதினதுதான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பதினோராவது வரில ஒரு பிழை இருக்கு, அப்போ விட்டுட்டேன்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கதை தனக்கு ஒரு நாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது தோன்றியது என்றுதான் அவர் எப்போதும் சொல்வார். அது தோன்றவில்லை, ஞாபகம் வந்திருக்கிறது. ஞாபகம் என்று தெரியாமல் வந்திருக்கிறது. முந்நூறு கதையைப் பெயர் இல்லாமல் எழுதிக் கீழே அனுப்பிக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் இது நடக்காது? விருதுக்கான விண்ணப்பத்தில் 'முன்பு எங்காவது வெளிவந்ததா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று டிக் அடித்து, சொந்தக் கதைதான் என்று அழகாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஊரார் பிழையை எல்லாம் பிடிக்கிறவர், தன்னுடையதைக் கோட்டைவிட்டார்.

நான் என் மகளை முறைத்தேன். அவள் ஏதோ பெரிய கண்டுபிடிப்பு செய்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தாள்.

"அண்ணே, இதை விடுங்க" என்றேன். "யாருக்குத் தெரியும்? இந்தத் தொகுதி இங்கதான் இருக்கு. பேரும் இல்லை. அப்படியே யாராவது கண்டுபிடிச்சாலும் அதுவும் நீங்க எழுதினதுதானே? உங்க வீட்டுப் பொருளை நீங்களே எடுத்தா அது திருட்டா?"

"திருட்டு இல்லதான்..." என்றார். இந்த முறை அடுத்த பாதி வரவே இல்லை.

மறுநாள் அவர் விருது அலுவலகத்துக்குப் போன் போட்டார். நான் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். யாரோ ஒருத்தரைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டார். எழுதினவரே முன்னால் சின்னதாக எழுதியிருந்தால்? எடுத்த பெண் மிகவும் மரியாதையாக, யார் எழுதியிருந்தாலும் அச்சில் வந்திருந்தால் அது முன்பு வந்த கதைதான் என்றாள். சரி, அப்படியென்றால் அந்த இன்னொரு பிரிவுக்கு மாற்றிக்கொள்ளலாமா? அதற்குப் பட்டியல் போன மாதமே முடிந்துவிட்டதாம். "எந்தப் படம் சார் நீங்க கேக்கறது?" என்றாள். அண்ணன் ரிசீவரைப் பார்த்தார். "அப்புறம் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டார். புதுக் கதை என்று நிற்கவும் வழியில்லை, பழைய கதை என்று நிற்கவும் வழியில்லை. கதவு இரண்டும் மூடியிருந்தது. உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்பது மட்டும் இவர் கையில்.

நான் அன்று ஒரு காரியம் செய்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்தத் தொகுதியை எடுத்து என் வரைபடத் தாள்களுக்கு அடியில் செருகி வைத்தேன். கண்ணில் படாமல் இருந்தால் மனசு மாறும் என்று ஒரு நப்பாசை. இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் காலையில் என் மேசை முன்னால் வந்து நின்றார்.

"அந்த வால்யூமைக் குடும்மா. விருதுக் குழுவுக்கு எழுதற கடிதத்தோட அந்தக் கதைப் பக்கத்தையும் படி எடுத்து அனுப்பணும்."

"அண்ணே, உங்களுக்குப் பைத்தியமா?"

"படிவத்துல கேள்வி எழுதியாச்சு. அதுக்குப் பதில் எழுதாம கட்டுரையை எப்படி அனுப்பறது?"

"கேள்வியைக் கிழிச்சுப் போட்டுட்டு வேற குழந்தையை வச்சுப் படிச்சுக் காட்டுங்க!"

அவர் சிரித்தார். இப்படி ஒரு ஆளிடம் யார் சண்டை போடுவது? தொகுதியை எடுத்துக் கொடுத்தேன். கொடுத்த வேகத்தில் மை பாட்டில் கவிழ்ந்தது.

கடிதம் போனது. அதன் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் இயக்குநர் போன் செய்தான். "அண்ணே, அனுப்பறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? அது என் படமும்தானே?" என்றான். குரல் உடைந்திருந்தது. அவன் சொன்னதில் தப்பு இல்லை.  அண்ணன் மன்னிப்புக் கேட்டார், அவன் பாதியிலேயே வைத்துவிட்டான்.

அடுத்து விருதுக் குழுவிலிருந்து ஒரு கடிதம். இணைத்திருந்த கதையில் பெயர் இல்லையே, அதை எழுதியது நீங்கள்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருந்தார்கள்.  தானாகப் போய் உண்மையைச் சொன்ன மனிதரிடம், இல்லை என்றால் நீ வேறு ஒருத்தர் கதையை எடுத்தவன் ஆவாய் என்கிறார்கள். ஆதாரத்துக்கு நாங்கள் எங்கே போவது? ஆசிரியர் அம்மா, நான், அண்ணன் மூன்று பேரும் இரண்டு நாள் பழைய அலமாரிகளைக் குடைந்தோம். வெளியார் எழுதின கதைக்கெல்லாம் பதிவேடு இருக்கிறது. துண்டுக் கதைக்கு ஒரு சீட்டு கிடையாது. தூசியில் மூன்று பேருக்கும் தும்மல்தான் கிடைத்தது. கடைசியில் ஆசிரியர் அம்மா தன் பெயரில் உறுதிக் கடிதம் எழுதிக் கொடுத்தார். எழுதும்போது, "எங்க அப்பா ஒரு வரி பேரைப் போட விட்டிருந்தா இந்த நாலு பக்கம் எழுத வேண்டியதில்லை" என்று முணுமுணுத்தார். நல்ல நேரம் பார்த்து ஞானம் வந்தது.

பிறகு கடைசிக் கடிதம். 'உள்பை' பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. அதோடு, 'உங்கள் நேர்மையை விருதுக் குழு மனமாரப் பாராட்டுகிறது' என்று ஒரு வரி. அந்த வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சட்டம் போட்டு மாட்டுவதா? நான் அதைக் கசக்கப் போனேன், அண்ணன் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இதுவும் போதாதென்று செய்தித்தாளில் நாலு வரி வந்தது. குழந்தைகள் பத்திரிகையில் வந்த கதை என்று கண்டுபிடிக்கப்பட்டதால் படம் நீக்கம் என்று போட்டிருந்தார்கள். யார் கண்டுபிடித்தார்கள், யார் எழுதின கதை என்று ஒரு வார்த்தை இல்லை. அண்ணன் பெயர் மட்டும் முழுசாக, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் இருந்தது. அவர் பெயர் செய்தித்தாளில் வந்தது அதுதான் முதல் முறை. அன்று அண்ணி மருந்துக் கடையில் இருந்தபோது, தினமும் மாத்திரை வாங்க வருகிற ஒருவர், "உங்க வீட்டுக்காரர் குழந்தைங்க கதையைச் சுட்டுட்டாராமே?" என்று கேட்டிருக்கிறார். அண்ணி அவருக்கு மாத்திரையைக் கொடுத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாராம். போனில் என்னிடம் சொல்லும்போதும் அழுதார். கண்ணாடி முன்னால் அவர் இப்போது பேசாமல் சவரம் செய்கிறார் என்றார்.

அந்தப் போனை வைத்துவிட்டுத்தான் நான் மகளை அழைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். அவள் வழக்கம் போலத் தொணதொணத்துக்கொண்டு வந்தாள். அந்த பஸ் ஏன் சிவப்பு, இது ஏன் பச்சை, மாமா எப்போது மேடைக்குப் போவார். அந்தக் கடைசிக் கேள்வியில் எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை.

"மாமா போகமாட்டாரு. உன்னாலதான் போகமாட்டாரு. உன் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா? நீ கேட்ட ஒரு கேள்வியில அவருக்கு வரவேண்டிய பரிசு போச்சு!"

நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அழவில்லை. பஸ் வந்ததும் என் கையைப் பிடிக்காமல் தானாக ஏறினாள். ஏதோ கோபத்தில் சொன்னது, குழந்தைதானே, மறந்துவிடும் என்று நானும் விட்டுவிட்டேன்.

கட்டுரை மட்டும் இன்னும் பாக்கி இருந்தது. ஆசிரியர் அம்மா வேண்டாம் என்றுதான் சொன்னார். அண்ணன்தான் கேட்கவில்லை. விருது என்றால் என்ன என்று பாதி சொல்லிவிட்டு விட்டால் நன்றாக இருக்காது என்றார். கேள்விக்குப் பதிலாகப் புதிதாக ஒரு பத்தி சேர்த்தார். ஒருவர் தன் சொந்தக் கதையையே முன்பு எங்காவது அச்சிட்டிருந்தாலும், விதிப்படி அது ஜன்னல் யானைதான், ஏனென்றால் மற்ற நான்கு பேரும் வெற்றுத் தாளிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள், இவருக்கு ஒரு கோடு முன்பே கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தார். யார் மீதும் குறை இல்லாமல், தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல், அவ்வளவு தெளிவாக இருந்தது. இருபத்தொன்பது வருடத்தில் அவர் எழுதியதிலேயே நல்ல பக்கம் அதுதான் என்று நான் சொல்வேன். படித்தபோது எனக்கு விருதுக் குழுவின் மேல் இருந்த கோபம்கூடக் கொஞ்சம் இறங்கியது.

பத்தி மாறினால் பரீட்சையும் மறுபடி வைக்க வேண்டும். மாலை நாலு மணிக்கு என் மகளை முக்காலியில் உட்காரவைத்து வாசித்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னாள். திரைக்கதை, இரண்டு பிரிவு, வெற்றுத் தாள், முன்பே கிடைத்த கோடு, எல்லாம். அண்ணன் முகம் மலர்ந்து முதல் கட்டத்தை நிரப்பினார். பேனா இரண்டாவது கட்டத்துக்கு வந்தது.

"இப்போ கேள்வி?"

"இல்ல மாமா."

அவர் காத்திருந்தார். கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு கூடவா இல்ல?"

அவள் தலையை ஆட்டினாள். பிறகு மெதுவாக, "கேட்டா உங்களுக்கு இன்னும் ஏதாவது போயிடும்" என்றாள்.

அண்ணன் பேனாவை மூடினார். "யாரு சொன்னா உனக்கு?" என்று கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

"நான்தாண்ணே சொன்னேன்" என்றேன்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அன்று கேட்டேன். "உனக்கு அறிவிருக்கா? விருது போனதுக்கு ரெண்டு நாள் எனக்குத் தூக்கம் வரல, மூணாம் நாள் வந்துடுச்சு. அது என் தப்பு, என் கையெழுத்து. இவ சரியாத்தானே கேட்டா? சரியாக் கேட்ட புள்ளைய யாராவது வாயை மூடச் சொல்வாங்களா? வருஷக்கணக்கா எதுக்கு நாம இந்தப் பத்திரிகையை நடத்திக்கிட்டிருக்கோம்?" உள் அறையிலிருந்து ஆசிரியர் அம்மா எழுந்து வந்து நிலைப்படியில் நின்றார்.   அண்ணன் சொன்னது அத்தனையும் நியாயம். இவ்வளவு நாளும் நான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேனே, விதி மேல், குழு மேல், செத்துப்போன பெரியவர் மேல், போஸ்டர் ஒட்டினவன் மேல். அந்தக் கோபத்தை எல்லாம் சேர்த்து நான் யார் தலையில் கொட்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அண்ணன் தண்ணீர் குடித்துவிட்டு வந்து முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"கண்ணு, எதுவும் போகாது. மாமா சொல்றேன்ல? ஒண்ணே ஒண்ணு கேளு. என்ன வேணாலும் கேளு."

அவள் வாயைத் திறந்தாள். ஏதோ ஒன்று நுனி நாக்கு வரை வந்துவிட்டது, எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் அவள் முதலில் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"கேளுடா" என்றேன். தலையை ஆட்டினேன். சிரித்தும் பார்த்தேன்.

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாமா பக்கம் திரும்பினாள்.

"எல்லாம் புரிஞ்சிடுச்சு மாமா" என்றாள்.